மூன்ஸ்டர் பேராலயக் குழுவும் ஆயர் தேர்தலும்: குலப்பிறப்பும் அரசியல் செல்வாக்கும் எதிரெதிர் நின்ற வரலாறு

1719 மார்ச்சில், வடமேற்கு ஜெர்மனியின் பாடர்போர்ன், மூன்ஸ்டர் ஆகிய இரு மறைமாவட்டங்களின் பேராலயக் குழுக்களும் அடுத்தடுத்துக் கூடிப் பவேரிய இளவரசர் பிலிப் மோரிட்ஸைத் தங்கள் ஆயராகத் தேர்ந்தெடுத்தன. அவருக்கு 20 வயது. உரோமையில் படித்துக்கொண்டிருக்கிறார் என்று நினைத்துத்தான் வாக்களித்தார்கள். ஆனால் அவர் அதற்குள் உரோமையில் நோய்கண்டு இறந்துபோயிருந்தார்; செய்திதான் ஆல்ப்ஸ் மலையைத் தாண்டி வந்து சேரவில்லை. சேர்ந்ததும் இரு குழுக்களும் மறுபடி கூடின. அந்த மாதம் முடிவதற்குள் இறந்தவரின் தம்பி கிளெமென்ஸ் ஆகஸ்ட் இரண்டு இடங்களுக்கும் ஆயராகிவிட்டார். தம்பிக்கு 18 வயது. குருப்பட்டம் பெற அவருக்கு இன்னும் ஆறு ஆண்டு பிடித்தது. ஆயர்நிலைத் திருப்பொழிவு 1727இல்தான் நடந்தது. இதற்கிடையில் கொலோன் பேராயர் பதவியும் ஹில்டஸ்ஹைம் ஆயர் பதவியும் அவரிடம் வந்து சேர்ந்தன. பின்னர் ஓஸ்னாபுரூக்கும் வந்தது.

உயர்குலத்தில் பிறந்தவர்களுக்குப் பதவி தானாக வந்து விழுந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா என்று கேட்கத் தோன்றும். கத்தோலிக்கத் திருச்சபையின் பழைய பதவிமுறையைப் பற்றி எழுதுபவர்கள் பலரும் குலப்பிறப்பையும் அரசியல் செல்வாக்கையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். பிரபு வீட்டில் பிறந்தவனுக்கு அரண்மனையில் ஆள் இருக்கும், அரண்மனையில் ஆள் இருந்தால் பதவி கிடைக்கும் என்ற ஊகமே அதற்கு அடிப்படை. பிரான்சு நாட்டுக்கு அந்த ஊகம் ஓரளவு பொருந்தும். புனித உரோமைப் பேரரசின் திருச்சபைக்குப் பொருந்தாது. அங்கே குலப்பிறப்பு ஒரு சாராரின் ஆயுதம், அரசியல் செல்வாக்கு வேறொரு சாராரின் ஆயுதம். இரண்டு சாராரும் ஆயர் இருக்கைக்காக இருநூறு ஆண்டுகளுக்கு மேல் மல்லுக்கு நின்றார்கள். குல விதி அரசியலை முழுவதும் தடுத்துவிடவில்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் அரசியலை வாசலில் நிறுத்தி விலை பேச வைத்தது. அந்த விதி ஒழிந்தபோது வாசலும் சேர்ந்தே ஒழிந்தது. மூன்ஸ்டர் மறைமாவட்டத்தை முதன்மைச் சான்றாகக் கொண்டு இதைக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பிரான்சை முதலில் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். 1516இல் திருத்தந்தை பத்தாம் லியோவும் மன்னர் முதலாம் பிரான்சுவாவும் செய்துகொண்ட போலோஞ்ஞா உடன்படிக்கை, ஆயர்களை முன்மொழியும் உரிமையை மன்னருக்கே கொடுத்தது. பேராலயக் குழுக்களின் தேர்தல் உரிமை அதோடு போயிற்று. ஆயராக வருபவருக்கு இறையியலிலோ சட்டத்திலோ பட்டம் இருக்கவேண்டும் என்ற நிபந்தனையும் அந்த உடன்படிக்கையில் இருந்தது; மன்னரின் இரத்த உறவினருக்கும் மிக உயர்ந்த குலத்தாருக்கும் அது பொருந்தாது என்ற விலக்கும் கூடவே இருந்தது. பதினான்காம் லூயி மன்னரின் காலத்திலும் அதையடுத்தும் நீதிபதிகள் குடும்பத்தில் பிறந்த பொசுவே, எளிய வணிகக் குடும்பத்தின் பிளெஷியே, நோட்டரியின் மகன் மஸியோன் ஆகியோர் மறையுரைத் திறமையால் ஆயர்களானார்கள். 1789ஐ நெருங்கும்போதோ பிரெஞ்சு ஆயர்கள் ஏறத்தாழ அனைவரும் பிரபுக்கள். ஸ்ட்ராஸ்பூர்கில் ரோஆன் குடும்பத்தார் நால்வர் 1704 முதல் தொடர்ந்து ஒருவர்பின் ஒருவராக இருக்கையில் அமர்ந்தார்கள். மன்னர் ஒருவரே முன்மொழிந்ததால் குலமும் அரண்மனைச் செல்வாக்கும் அங்கே ஒரே வாய்க்காலில் ஓடின. அவற்றைப் பிரித்துப் பார்க்க வேண்டிய தேவை பிரெஞ்சு வரலாற்றாசிரியர்களுக்கு எழாததில் வியப்பில்லை. அவர்களைப் பின்பற்றி ஜெர்மனியைப் பற்றியும் அப்படியே எழுதுவதுதான் பிழை.

ஜெர்மனியில் ஆயர்கள் பலர் நிலத்தை ஆளும் இளவரசர்களும்கூட. வரி வாங்கினார்கள், படை வைத்திருந்தார்கள், பேரரசின் மன்றத்தில் இருக்கை பெற்றிருந்தார்கள். மைன்ஸ், கொலோன், திரியர் ஆகிய மூன்று பேராயர்களுக்குப் பேரரசரைத் தேர்ந்தெடுக்கும் வாக்கும் இருந்தது. இத்தகைய இருக்கையில் யாரை அமர்த்துவது என்பதைப் பேரரசர் முடிவுசெய்யவில்லை, திருத்தந்தையும் நேரடியாக முடிவுசெய்யவில்லை. 1448இல் வியன்னாவில் ஏற்பட்ட உடன்படிக்கைப்படி தேர்தல் உரிமை பேராலயக் குழுவுக்குரியது. உரோமை அதை உறுதிசெய்யும். அதே உடன்படிக்கை குழுவில் காலியாகும் இடங்களை நிரப்பவும் ஒரு முறை வகுத்தது. உறுப்பினர் ஒருவர் சனவரி, மார்ச், மே என ஒற்றைப்படை மாதத்தில் இறந்தால் அவருடைய மானியத்தைத் திருத்தந்தை வழங்குவார். இரட்டைப்படை மாதத்தில் இறந்தால் உள்ளூரிலேயே வழங்குவார்கள். நோய்வாய்ப்பட்ட முதியவர் சனவரி 31இல் போய்ச்சேர்கிறாரா பிப்ரவரி 1இல் போய்ச்சேர்கிறாரா என்பதைப் பொறுத்து ஒரு குடும்பத்தின் எதிர்காலம் மாறும். இந்த நிச்சயமின்மையைத் தவிர்க்கப் பலர் உயிரோடிருக்கும்போதே உரோமையின் ஒப்புதலுடன் தங்கள் இடத்தை அண்ணன் மகனுக்கோ தங்கை மகனுக்கோ விட்டுக்கொடுத்தார்கள். பேரரசருக்கு இதில் இருந்த நேரடி உரிமை மிகச் சிறியது: முடிசூடியபின் ஒவ்வொரு குழுவிலும் ஓரிடத்துக்கு ஒரேயொரு முறை ஆளைப் பரிந்துரைக்கலாம்.

மூன்ஸ்டர் குழுவில் இருந்தவர்கள் சுமார் 40 பேர். வெஸ்ட்பாலியா நாட்டுப்புறத்தில் அகழி சூழ்ந்த வீடுகளில் வாழ்ந்த சிறுபிரபுக் குடும்பங்களின் பிள்ளைகள் இவர்கள். நிலம் துண்டுபடாமல் ஒரு மகனிடம் போகவேண்டும். மற்ற மகன்களுக்குப் பேராலய மானியம், மகள்களுக்கு உயர்குலப் பெண்களுக்கான மடங்கள். குடும்பப் பொருளாதாரத்தின் இந்தக் கணக்கைப் புரிந்துகொள்ளாமல் குழுவின் நடத்தையைப் புரிந்துகொள்ள முடியாது. குழுவில் வாக்களிக்கத் துணைத் திருத்தொண்டர் பட்டம் இருந்தால் போதும், குருப்பட்டம் வேண்டியதில்லை. அதற்கும் கீழ்நிலைப் பட்டங்களோடு நின்றிருந்த இளைஞன், வீட்டில் அண்ணன் வாரிசின்றி இறந்துவிட்டால் மானியத்தைத் துறந்து திருமணம் செய்துகொண்டு நிலத்தை ஏற்கவும் வழியிருந்தது.

இந்தக் குழுக்களுக்குள் நுழையும் சடங்கைச் சற்று அருகில் சென்று பார்ப்பது பயன்தரும். விண்ணப்பிப்பவர் தம் பாட்டன் பாட்டிக்கும் பூட்டன் பூட்டிக்கும் மேலே, ஓட்டன் ஓட்டி தலைமுறை வரை காட்டவேண்டும். அந்தத் தலைமுறையில் 16 பேர். பதினாறு பேரும் பிரபுக் குடியில் முறையான திருமணத்தில் பிறந்தவர்கள் என்று நிறுவவேண்டும். குலச்சின்னங்களை வரிசையாக வரைந்த கிளைமரப் பலகை குழுவின் முன் வைக்கப்படும். எந்தச் சின்னத்தின்மீதும் எவரும் ஐயம் கிளப்பலாம். பிறகு அதே தகுதியுள்ள பிரபுக்கள் முன்வந்து, இது உண்மை என்று ஆணையிட்டுச் சொல்லவேண்டும். பதினாறில் ஒரு பாட்டி நகரத்து வணிகரின் மகளாக இருந்தாலும் கதவு மூடிவிடும். செல்வமோ கல்வியோ அரசரின் கடிதமோ அந்த ஒரு பாட்டிக்கு ஈடாகாது.

இந்தச் சுவரை நகரத்தார் உடைக்க முயன்ற வழக்கு ஒன்று உண்டு. மூன்ஸ்டர் நகரத்தின் பழங்குடிச் செல்வர்கள் தங்களையும் பிரபுக்களாகவே கருதினார்கள். நாட்டுப்புறப் பிரபுக்கள் அவர்களை வெறும் நகரத்தார் என்றார்கள். 16ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஷெங்கிங் என்ற நகரக் குடும்பத்து மகனுக்குத் திருத்தந்தை மூன்ஸ்டர் குழுவில் ஓரிடம் வழங்கினார். குழு ஏற்க மறுத்தது. உரோமையின் ரோட்டா நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. அப்போதும் குழு அசையவில்லை. வழக்கு பேரரசின் உயர்நீதிமன்றத்துக்குப் போயிற்று. அங்கே நகரத்தாருக்குச் சாதகமான தீர்ப்பு 1685இல்தான் வந்தது. அதன் மீதான மேல்நடவடிக்கைகள் முடிய 18ஆம் நூற்றாண்டு பிறந்துவிட்டது. விண்ணப்பித்தவர், அவர் மகன் வயதினர், பேரன் வயதினர் எல்லாரும் மறைந்த பிறகு கிடைத்த நீதி அது. இந்த வழக்கில் நான் முக்கியமாகக் கருதுவது அதன் நீளத்தைவிட அதன் அணிவகுப்பை. கதவைத் திறக்கச் சொன்னவர் திருத்தந்தை. மூடி வைத்தவர்கள் உள்ளூர்க் குழுவினர். உரோமையின் ஆணையையும் நீதிமன்றங்களின் தீர்ப்பையும் ஒன்றரை நூற்றாண்டு எதிர்த்து நிற்கும் வலிமை குல விதிக்கு இருந்தது. அரசியல் செல்வாக்கின் மறுபெயர்தான் குலம் என்றால் இந்த வழக்குக்கே பொருளில்லாமல் போகும்.

அப்படியானால் பவேரிய விட்டல்ஸ்பாக் குடும்பம் எப்படி உள்ளே வந்தது? விடை 1555க்கும் 1583க்கும் இடையில் இருக்கிறது. 1555இன் ஆக்ஸ்பர்க் சமாதானம், ஆயர் ஒருவர் லூத்தரின் நெறிக்கு மாறினால் பதவியை இழப்பார் என்று விதித்தது. எழுத்தில் விதி இருந்தும் வடக்கே மறைமாவட்டங்கள் ஒவ்வொன்றாகக் கைநழுவின. 1582இல் கொலோன் பேராயர் கெப்ஹார்ட் திருக்செஸ் மறுநெறிக்கு மாறியபோது நிலைமை முற்றியது. பேரரசரைத் தேர்ந்தெடுக்கும் ஏழு வாக்குகளில் மூன்று ஏற்கெனவே எதிரணியில். கொலோனும் போனால் பெரும்பான்மை மாறிவிடும். உரோமைக்கு அப்போது வேண்டியது படையும் பணமும் உள்ள ஒரு கத்தோலிக்க அரசகுலம். பவேரியாவின் எர்ன்ஸ்ட் 1583இல் கொலோன் பேராயரானார். ஃப்ரைசிங்கின் நிர்வாகம் சிறுவயதிலேயே அவர் கைக்கு வந்திருந்தது; ஹில்டஸ்ஹைமும் லியேஜும் ஏற்கெனவே அவரிடம் இருந்தன; 1585இல் மூன்ஸ்டரும் சேர்ந்தது. ஒருவர் ஒரு மறைமாவட்டத்துக்கு மேல் வைத்துக்கொள்ளக்கூடாது என்று திரிதெந்துப் பொதுச்சங்கம் விதித்து நெடுங்காலம் ஆகிவிடவில்லை. அந்த விதியைச் செயல்படுத்தவேண்டிய உரோமையே விலக்குகளை வழங்கியது. குறுகிய காலக் கணக்கில் அது வெற்றி: கொலோன் கத்தோலிக்கமாகவே நின்றது. அதற்குக் கொடுத்த விலை, கொலோன் பேராயர் பதவி 1761 வரை ஒரே குடும்பத்தின் சொத்துப்போல் ஆனது.

இங்கே சட்ட நுணுக்கம் ஒன்றைச் சொல்லவேண்டும். அரசியல் நுழைந்த துவாரம் அதுதான். வயது போதாதவர், வேறோர் இடத்தில் ஏற்கெனவே ஆயராக இருப்பவர் ஆகியோரைக் குழு தேர்ந்தெடுக்க முடியாது. அவரைத் தரும்படி உரோமையிடம் வேண்டிக்கொள்ளத்தான் முடியும். முறைப்படி தேர்ந்தெடுக்கத்தக்க ஒருவர் எதிரே நின்றால், வேண்டப்படுபவருக்கு மூன்றில் இரண்டு பங்கு வாக்கு தேவை. உரோமை முன்கூட்டியே தகுதி மடல் கொடுத்துவிட்டால் தடை நீங்கி அவரும் தேர்ந்தெடுக்கத்தக்கவர் ஆகிவிடுவார். யாருக்கு மடல், யாருக்கு இல்லை என்ற ஒரே கேள்வியில் உரோமையின் முழுச் செல்வாக்கும் அடங்கியிருந்தது. 1688இன் கொலோன் தேர்தல் இதைத் துலக்கமாகக் காட்டுகிறது. பிரான்சு மன்னரின் ஆளான கர்தினால் வில்ஹெல்ம் எகோன் ஃபுர்ஸ்டன்பெர்க் ஸ்ட்ராஸ்பூர்க் ஆயர், மடல் இல்லை. பவேரிய இளவரசர் ஜோசப் கிளெமென்ஸுக்கு 16 வயது, மடல் இருந்தது. 24 வாக்குகளில் முதலாமவருக்கு 13, இரண்டாமவருக்கு 9. பதின்மூன்று பெரும்பான்மைதான், மூன்றில் இரண்டு பங்கு இல்லை. திருத்தந்தை பதினோராம் இன்னொசென்ட் ஒன்பது வாக்கு பெற்ற சிறுவனை உறுதிசெய்தார். அதே ஆண்டு மூண்ட ஒன்பதாண்டுப் போருக்கு இந்த முடிவும் ஒரு காரணம். சிறுவன் குருப்பட்டம் பெற்றது பேராயராகி ஏறத்தாழ பதினெட்டு ஆண்டுகள் கழித்து, 1706 இறுதியில். திருப்பொழிவு செய்தவர் கம்ப்ரே பேராயர் ஃபெனெலோன்.

இப்போது மூன்ஸ்டர் இருக்கையில் அமர்ந்தவர்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஓர் ஊசலாட்டம் தெரிகிறது. 1585 முதல் 1650 வரை விட்டல்ஸ்பாக் குடும்பம். முப்பதாண்டுப் போர் ஓய்ந்ததும், 1650இல், குழு தன் உறுப்பினரான கிறிஸ்டோப் பெர்ன்ஹார்ட் ஃபன் காலனைத் தேர்ந்தெடுத்தது. குழுவின் தலைவர் மாலின்க்ரோட் அந்தத் தேர்தலைக் கடைசிவரை ஏற்கவில்லை, சிறையில்தான் இறந்தார். காலன் உள்ளூர்ப் பிரபு. முறைப்படி ஆயர்நிலைத் திருப்பொழிவு பெற்றார், குருக்களின் ஒழுக்கத்தைக் கண்டிப்புடன் சீர்படுத்தினார், தம் சொந்த நகரத்தையே பீரங்கியால் முற்றுகையிட்டு 1661இல் பணியவைத்தார். அவருக்குப் பின் வந்த ஃபெர்டினாண்ட் ஃபன் ஃபுர்ஸ்டன்பெர்க் அறிஞர், அவரும் வெஸ்ட்பாலியர். 1683இல் ஊசல் மறுபடி விட்டல்ஸ்பாக் பக்கம் சாய்ந்தது. 1688இல் உள்ளூர் பிளெட்டன்பெர்க் குடும்பத்தார் வந்தார். 1706இல் பேரரசர் தம் உறவினரான லொரேன் இளவரசர் கார்லை நிறுத்தினார்; பாடர்போர்ன் ஆயராக இருந்த உள்ளூர்ப் பிரபு வோல்ஃப் மெட்டர்னிக் எதிர்த்து நின்றார். அவருக்குப் பின்னால் நின்றது புராட்டஸ்டண்டு டச்சுக் குடியரசு. குழு பிளவுபட்டது, உரோமை 1707இல் மெட்டர்னிக்கை உறுதிசெய்தது. கத்தோலிக்கப் பேரரசரின் ஆள் தோற்று, கால்வினிய அண்டைநாட்டின் ஆதரவு பெற்றவர் வென்றார்.

அப்புறம்தான் 1719. அந்தத் தேர்தலைக் கூட்டி முடித்தவர் ஃபெர்டினாண்ட் ஃபன் பிளெட்டன்பெர்க் என்ற உள்ளூர்ப் பிரபு. கிளெமென்ஸ் ஆகஸ்ட் ஆயரானபின் அவருடைய முதன்மை அமைச்சராகி 1733இல் வீழ்ந்தவர். இறந்தவரையும் பிறகு அவர் தம்பியையும் ஒரே மாதத்தில் தேர்ந்தெடுத்த அந்தக் குழு, தனி ஓர் ஆளை ஒருபோதும் தேர்ந்தெடுக்கவில்லை. மியூனிக்கோடு ஓர் உடன்பாட்டைத் தேர்ந்தெடுத்தது. ஆயர் பான் நகரிலும் புரூலிலும் மாளிகை கட்டிக்கொண்டு தொலைவில் இருப்பார். மூன்ஸ்டரை உள்ளூர்க் குடும்பங்கள் ஆளும். பெரிய அரசகுலத்தின் பாதுகாப்பும் கிடைக்கும், பணமும் கிடைக்கும், தங்கள் கையும் ஓங்கியே இருக்கும். சிறுபிரபுக்கள் இதில் ஏமாந்தவர்கள் அல்லர், விற்றவர்கள். 1761இல் கிளெமென்ஸ் ஆகஸ்ட் இறந்ததும் கொலோன் குழு இன்னொரு விட்டல்ஸ்பாக்கை ஏற்காமல் தன் தலைவரான கெனிக்செக் பிரபுவைத் தேர்ந்தெடுத்தது. மறு ஆண்டே மூன்ஸ்டரும் அவரையே எடுத்துக்கொண்டது. ஒரு குடும்பத்துக்கு நிரந்தரப் பட்டா எழுதிக் கொடுக்கக் குழுக்கள் அணியமாக இல்லை.

இதுவரை சொன்னதைக் கேட்டுச் சிறுபிரபுக்களைத் திருச்சபைச் சுதந்திரத்தின் காவலர்களாக எண்ணிவிடக்கூடாது. அந்த எண்ணத்தைத் தடுக்க ஒருவரின் வாழ்க்கை போதும். நீல்ஸ் ஸ்டீன்சன் 1638இல் கோபன்ஹேகனில் ஒரு பொற்கொல்லருக்கு மகனாகப் பிறந்தவர். உமிழ்நீர்ச் சுரப்பியின் நாளத்தைக் கண்டறிந்த உடற்கூற்றியலாளர். பாறை அடுக்குகளின் வரிசையை வைத்துப் பூமியின் வரலாற்றைப் படிக்கலாம் என்று 1669இல் எழுதி நிலவியலுக்கு அடித்தளம் இட்டவர். பிளாரன்ஸில் கத்தோலிக்கராகி, 1675இல் குருவாகி, 1677இல் ஆயராகத் திருப்பொழிவு பெற்றார். 1680இல் மூன்ஸ்டர் ஆயர் ஃபெர்டினாண்ட் ஃபன் ஃபுர்ஸ்டன்பெர்க் அவரை அங்கே துணை ஆயராக அழைத்தார். குழுவின் ஓர் உறுப்பினராக அமரக்கூட அவருக்குத் தகுதி கிடையாது. பதினாறு பிரபுக் குல ஓட்டன்மாரை ஒரு பொற்கொல்லர் எங்கே தேடுவார்? ஆனால் உறுதிப்பூசுதல் கொடுக்க, குருக்களைத் திருநிலைப்படுத்த, ஆலயங்களை அர்ப்பணிக்க, கிராமப் பங்குகளைச் சுற்றிவர அவர் வேண்டும். ஏனென்றால் இருக்கையில் இருப்பவர்கள் பலர் அந்தத் திருவருட்சாதனங்களை நிறைவேற்றும் திருநிலையே பெறாதவர்கள். பெற்றவர்களும் ஆட்சி வேலையில் மூழ்கியிருந்தவர்கள்.

1683இல் ஃபுர்ஸ்டன்பெர்க் இறந்தார். கொலோன் பேராயராக இருந்த மாக்சிமிலியன் ஹைன்ரிக்கைக் குழு தேர்ந்தெடுத்தது. வாக்குகள் பணத்துக்குக் கைமாறின என்பதில் ஸ்டீன்சனுக்கு ஐயமில்லை. திருப்பதவியை விலைபேசுவது பாவம் என்று குருமாணவர்களுக்குக் கற்பித்துவிட்டு அந்தத் தேர்தலின் விளைவுக்குக் கீழ்ப்பட்டு இருக்க அவரால் முடியவில்லை. எதிர்ப்புத் தெரிவித்து மூன்ஸ்டரை விட்டே போய்விட்டார். ஹாம்பர்கிலும் பிறகு ஷ்வெரினிலும் சிறுபான்மைக் கத்தோலிக்கருக்குப் பணியாற்றி 1686இல், 48 வயதில் இறந்தார். 1988இல் அருளாளராக அறிவிக்கப்பட்டார். அவரை நினைக்கும்போதெல்லாம், அந்த அமைப்பு யாரை எங்கே நிறுத்தியது என்ற கேள்வி என்னை உறுத்துகிறது. ஐரோப்பாவின் கூர்மையான அறிவாளர்களில் ஒருவர், ஏழ்மையை விரும்பி ஏற்ற ஒரு மேய்ப்பர், அங்கே கூலிக்கு அமர்த்தப்பட்ட கைபோல இருந்தார். குல விதி அரசியலைத் தடுத்தது என்று நான் வாதிடும்போது, அது ஸ்டீன்சனையும் சேர்த்தே தடுத்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. அந்தச் சுவர் மக்களுக்காகக் கட்டப்பட்டதன்று. நாற்பது மானியங்களைக் காக்கக் கட்டப்பட்டது. அரசவம்சங்களை அது அலைக்கழித்தது அதன் பக்கவிளைவு.

பக்கவிளைவு என்பதால் அற்பமானது என்று பொருளில்லை. 1780இல் நடந்ததைப் பார்க்கலாம். கெனிக்செக்குக்கு வயதாகிவிட்டது, வாரிசுரிமையுள்ள இணை ஆயர் ஒருவரைத் தேர்ந்தெடுக்கவேண்டும். பேரரசி மரியா தெரேசா தம் கடைசி மகன் மாக்சிமிலியன் ஃபிரான்ஸை நிறுத்தினார். உடல்நலக் குறைவால் படைவாழ்க்கையைக் கைவிட்டவர் அவர். எதிரே ஃபிரான்ஸ் ஃபன் ஃபுர்ஸ்டன்பெர்க்: முன்னே சொன்ன மூன்ஸ்டர் ஆயர் ஃபெர்டினாண்டின் குடும்பத்தார், குழுவின் உறுப்பினர், 1762 முதல் மூன்ஸ்டரின் அமைச்சர், மறைமாவட்டத்தின் முதன்மைக் குரு. ஏழாண்டுப் போரில் நொடித்துப்போன நாட்டின் கடனை ஒழுங்குபடுத்தியவர், 1776இல் பள்ளிகளுக்குப் புதிய பாடத்திட்டம் வகுத்தவர், பல்கலைக்கழகத்தைத் தொடங்கியவர். நாட்டின் ஒவ்வொரு பங்கையும் அறிந்தவர். பிரஷ்யா அவரை ஆதரித்தது; வியன்னாவின் பணமும் வாக்குறுதிகளும் வென்றன. ஆகஸ்டு மாதத்தில் கொலோனும் மூன்ஸ்டரும் பேரரசியின் மகனையே தேர்ந்தெடுத்தன. ஃபுர்ஸ்டன்பெர்க் அமைச்சுப் பதவியை இழந்தார், முதன்மைக் குருவாக மட்டும் தொடர்ந்தார்.

குலத்துக்கும் தகுதிக்கும் இடையே நடந்த போட்டி என்று இதைச் சொல்ல முடியாது. இருவரும் குலமுள்ளவர்கள். குழுவின் உள்ளிருந்து எழுந்த தகுதிக்கும் வெளியிலிருந்து வந்த அரசவம்சத்துக்கும் இடையே நடந்த போட்டி அது. வென்றவர் மோசமானவராகவும் இருக்கவில்லை. மாக்சிமிலியன் ஃபிரான்ஸ் 1784இல் பதவியேற்றதும் அதே ஆண்டு குருப்பட்டமும் மறு ஆண்டு ஆயர்நிலையும் பெற்றார். முந்தைய விட்டல்ஸ்பாக்குகளைப்போல் ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போடவில்லை. சிக்கனமாக ஆண்டார், பான் நகரில் பல்கலைக்கழகத்தைத் திறந்தார். இளம் பேத்தோவன் அவர் அவையில் ஊதியம் பெற்ற இசைஞர். ஒருவரின் தேர்வு எப்படி நடந்தது என்பதும் அவர் எப்படி ஆயராக வாழ்ந்தார் என்பதும் தனித்தனியே ஆராயவேண்டிய கேள்விகள் என்பதற்கு இவரே சான்று. திருத்தந்தை நான்காம் பயஸின் சகோதரி மகன் என்ற ஒரே காரணத்தால் 21 வயதில் கர்தினாலாகிய கார்லோ பொரோமேயோ, பிறகு மிலானின் புனிதராக விளங்கியதும் இதே வகை. தேர்வைப் பற்றிய தீர்ப்பை ஆளின் நற்பண்பைக் கொண்டு மாற்றிக்கொள்வது வரலாற்றுக்கு அழகில்லை. ஆளின் நற்பண்பைத் தேர்வின் அழுக்கைக் கொண்டு மறுப்பதும் அப்படியே.

1802 ஆகஸ்டில் பிரஷ்யப் படை மூன்ஸ்டருக்குள் நுழைந்தது. 1803 பிப்ரவரியில் பேரரசின் முடிவறிக்கை திருச்சபை ஆட்சிநிலங்களை அரசுகளுக்குப் பிரித்துக் கொடுத்தது. ஆயர்களின் ஆட்சி முடிந்தது. பிரபுக்களின் மானியங்களும் முடிந்தன. பதினாறு சின்னங்கள் வரைந்த பலகைகளுக்கு இனி வேலையில்லை. குலத்தடை நீங்கியது, தகுதிக்குக் கதவு திறந்தது என்றே பெரும்பாலும் எழுதப்படுகிறது. செருப்புத் தைப்பவரின் மகனான யோகான் மிக்கேல் சைலர், முன்பு பவேரிய இளவரசர்கள் அமர்ந்திருந்த ரேகன்ஸ்பர்க் இருக்கையில் 1829இல் அமர்ந்தார். மகிழவேண்டிய செய்தி. ஆனால் 1817இன் பவேரிய உடன்படிக்கை நாட்டின் ஆயர்கள் அனைவரையும் முன்மொழியும் உரிமையை மன்னருக்குக் கொடுத்திருந்தது என்பதையும், மன்னர் முதலாம் லுட்விக் சைலரின் மாணவர் என்பதையும் அதே வரியில் சேர்த்து எழுதவேண்டும். பழைய பேரரசில் பவேரிய ஆட்சியாளருக்கு இல்லாத உரிமை அது.

பிரஷ்யாவில் இது இன்னும் நுட்பமாக நடந்தது. 1821இல் வந்த திருத்தந்தை ஆணை குழுக்களுக்குத் தேர்தல் உரிமையைத் திரும்பக் கொடுத்தது; மன்னருக்கு உவப்பில்லாதவரைத் தேர்ந்தெடுக்கவேண்டாம் என்ற அறிவுறுத்தலும் கூடவே போயிற்று. குழுவின் உறுப்பினர்களுக்குப் பிரபுக் குலம் தேவையில்லை. அவர்களை நியமிப்பது யார்? 1448இன் மாதக் கணக்கு இங்கே உயிர்பெற்று வருகிறது: ஒற்றைப்படை மாதங்களில் காலியாகும் இடங்களுக்கு நடைமுறையில் பிரஷ்ய மன்னரே ஆளை முன்மொழிந்தார். ஒரு காலத்தில் நாற்பது குடும்பங்களோடு தனித்தனியே பேரம் பேசவேண்டியிருந்த அரசியல், இப்போது வாக்காளர்களையே நியமிக்கும் இடத்துக்கு வந்துவிட்டது.

பழைய குழுவில் வளர்ந்தவர்கள் சிலர் இன்னும் உயிரோடிருந்தார்கள். கிளெமென்ஸ் ஆகஸ்ட் ஃபன் டுரோஸ்டெ ஃபிஷரிங் அவர்களில் ஒருவர். 1773இல் வெஸ்ட்பாலியப் பிரபுக் குடும்பத்தில் பிறந்து இளமையிலேயே மூன்ஸ்டர் குழுவில் இடம்பெற்று, ஃபுர்ஸ்டன்பெர்குக்குப் பின் முதன்மைக் குருவானவர். பெர்லினின் ஒப்புதலோடு 1835இல் கொலோன் பேராயராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். கலப்புத் திருமணங்களில் பிறக்கும் குழந்தைகளின் சமயம் பற்றிய சிக்கலில் அரசின் விருப்பத்துக்கு இணங்க மறுத்ததால் 1837 நவம்பர் 20இல் கைது செய்யப்பட்டு மின்டன் கோட்டைநகரில் வைக்கப்பட்டார். அவருடைய உறுதிக்குக் குலம்தான் காரணம் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. 1870களில் பிரஷ்ய அரசோடு மோதிச் சிறைசென்ற கொலோன் பேராயர் பவுலுஸ் மெல்கர்ஸ் பிரபு அல்லர். மன உறுதிக்குக் குலச்சின்னம் தேவையில்லை. அரசுக்கு எதிர்நிற்பது புதுமையாகத் தோன்றாத ஒரு குழுவில் டுரோஸ்டெ பயின்றார் என்பதை மட்டும் சொல்லலாம்.

அவருடைய இடத்தை நிரப்பியது எப்படி என்பதே என் வாதத்துக்கு வேண்டியது. பாலட்டினேட் பகுதியின் கிம்மெல்டிங்கன் கிராமத்துத் திராட்சை விவசாயியின் மகன், ஷ்பையர் ஆயர் யோகான்னஸ் கைசெல், வாரிசுரிமையுள்ள இணை ஆயராகக் கொலோனுக்கு வந்தார். 1845இல் பேராயரும் 1850இல் கர்தினாலும் ஆனார். திறமையானவர், உழைப்பாளி. அவரைப் பரிந்துரைத்தவர் பவேரிய மன்னர் லுட்விக். ஏற்றுக்கொண்டவர் பிரஷ்ய மன்னர் நான்காம் ஃபிரடரிக் வில்லியம். ஒப்புதல் தந்தது உரோமை. மூன்று தலைநகரங்களுக்கிடையே ஓடிய கடிதங்களில் முடிவு எட்டப்பட்டது. அவருடைய ஓட்டன் ஓட்டியைப் பற்றி எவரும் கேட்கவில்லை.